கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றவனுக்கு

கண்ணு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். கண் இரண்டும் சிவந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிய பேச்சுக்கு அழுது சிவந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. தொட்டித் தண்ணீரில் மருந்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டார்கள், அதுதான் காரணம். உன் பேச்சுக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான், சாயங்காலக் காட்சி தொடங்கும் முன்னால், கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதே நாமக்கல்லில்தான் நீயும் இருக்கிறாய், நேரில் வந்தே சொல்லலாம். ஆனால் நேரில் வந்தால் என் கை நீண்டுவிடும். போனில் சொன்னால், "ஓனர் கூப்புடறாரும்மா, அப்பறம் பேசறேன்" என்று பாதியில் வைத்துவிடுவாய். நாளைக்கு உங்கப்பா மிளகு மூட்டையோடு கொல்லிமலையிலிருந்து இறங்கி வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்து, நீ வேலை பார்க்கும் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. உங்கப்பா படிக்கட்டும், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் படிக்கட்டும், உன் பட்டறையில் வெல்டிங் அடிப்பவர்கள் டீ குடித்துக்கொண்டே படிக்கட்டும். ஒளித்தது போதும் என்றுதான் இதையே எழுதுகிறேன்.

நீ கேட்டது இரண்டு விஷயம். அடுத்த மாதம் உன் கல்யாணத்தில் யார் விசாரித்தாலும், நான் கோயம்புத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு வார்டன் என்று சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு என் கடல்கன்னி வாலைக் கழற்றி வைத்துவிட்டு, மலைக்குப் போய் மிளகு பறித்துக்கொண்டு கம்மென்று இருக்க வேண்டும். "பொண்ணு ஊட்டுக்காரங்க நாலு பேருக்கு மத்தியில மானமா வாழறவங்கம்மா" என்றாய். அப்படியானால் நாங்கள் எதற்கு மத்தியில் வாழ்கிறோம் சாமி? இரண்டுக்கும் என் பதில் முடியாது என்பதுதான். ஏன் முடியாது என்று சொல்லத்தான் மீதிக் காகிதமெல்லாம்.

அந்த வார்டன் வேலையை நீ எனக்கு வாங்கிக் கொடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சேந்தமங்கலம் பக்கத்தில் கௌசல்யாவைப் பெண் பார்க்கப் போயிருந்தோம். அவளுடைய அம்மா காபியும் கேசரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்க ஏதோ வெளியூர்ல சோலிங்கன்னு சொன்னாங்க, என்ன சோலிங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "கோயமுத்தூர்ல ஹாஸ்டல் வார்டனுங்க." உங்கப்பாவுக்குக் காபி புரையேறி, கௌசல்யாவின் அண்ணன் எழுந்துபோய் அவர் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. நான் பேசாமல் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் நன்றாக இருந்தாள், பி.எஸ்சி. படித்தவள், நம்மைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிக்காமல் நேராகப் பார்த்துப் பேசினாள், இது கூடிவந்தால் நல்லதென்று எனக்கும் ஆசை. அந்த ஆசையில் வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு, நான் அங்கேயே மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கப்பா, "ஏம்புள்ள, வார்டனம்மா, ராத்திரி எத்தன மணிக்குக் கேட்டப் பூட்டுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் சிரித்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திரும்பிக்கொள்வது உனக்கு அன்றைக்கே கைவந்துவிட்டது.

இந்தத் தொழிலுக்கு நான் எப்படி வந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் நகரத்துக்கு வந்தபிறகு பல விஷயங்களை மறந்துவிட்டாய், அதனால் மறுபடி சொல்கிறேன். நீ பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம், சேலத்தில் ஒரு பொருட்காட்சியில் நம் வளப்பூர் நாட்டுப் பெண்கள் குழுவுக்கு ஒரு கடை கிடைத்தது. மிளகு, தேன், பலாச்சுளை, மலை வாழைப்பழம். கணக்காகப் பேசுவேன் என்று என்னைக் கடையில் உட்கார வைத்தார்கள். எங்களுக்கு நேர் எதிரே கடல்கன்னிக் கூடாரம். அதன் முதலாளி தினமும் எங்களிடம்தான் வாழைப்பழம் வாங்குவார். ஒருநாள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார். என்னங்க என்று கேட்டேன். "மும்பையில இருந்து வந்த பொண்ணு சொல்லாம கொள்ளாம ரயிலேறிருச்சுங்க. நாளைக்குச் சனிக்கெழம. வெறும் தொட்டியக் காட்டினா சனம் என் சட்டையப் புடிக்கும்" என்றார். அந்தப் பெண் தண்ணீருக்குள் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்றார். "அவ்வளவுதானுங்களா? மாமியா ஊட்டுல இருவது வருசமா நான் அதத்தானுங்களே பண்ணிட்டு இருக்கறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் நான் ஒரு சுடிதாரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அவருடைய தொட்டிக்கு முன்னால் போய் நின்றபோதுதான் சிரிப்பு நின்றது.

நான் புளியஞ்சோலை ஓடைத் தண்ணீரில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டால் நேராக ஓடை, பிறகு அடிவாங்க வீடு. வழுக்குப் பாறைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுவோம். தண்ணீர் எனக்குப் புதிதில்லை, வால்தான் புதிது. இரண்டு காலையும் சேர்த்து ஒரே உறையில் போட்டு இறுக்கிவிட்டால், இத்தனை நாள் பழகிய நீச்சல் எதுவும் உதவாது. இடுப்பிலிருந்து வளைந்து வளைந்து போக வேண்டும். முதல் நாள் நான் பானை மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தடவை வால் என் பேச்சைக் கேட்டது. உடம்பெல்லாம் ஒரே வீச்சில் முன்னால் போனபோது எனக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் உனக்கு ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. முப்பத்தெட்டு வயதில், மாமியாருக்கும் மாட்டுக்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, இது என் உடம்பு, இதற்கு இப்படியும் ஒன்று செய்யத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குடும்பக் கஷ்டத்துக்காக அம்மா தண்ணீரில் குதித்தாள் என்று நீ யாரிடமாவது சொல்ல நினைத்தால், தயவுசெய்து சொல்லாதே. பணம் வந்தது, உன் படிப்புக்கு ஆனது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் பிடித்திருந்ததால்தான் நான் மறுபடி மறுபடி இறங்கினேன்.

உடுப்பைப் பற்றி நீ போனில் இழுத்து இழுத்துப் பேசினாய். உடுப்புக்கான சண்டையை நான் முதல் வாரத்திலேயே போட்டு ஜெயித்துவிட்டேன். முதலாளி ஏதோ இரண்டு சிப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். நான் அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, எங்கள் ஊர்த் தையல்காரரிடம் பளபளவென்று முழுக்கை வைத்து ஒன்று தைத்துக்கொண்டு வந்தேன். "கடல்கன்னி முழுக்கை போடாதும்மா" என்றார். "நீங்க எந்தக் கடல்கன்னிய நேர்ல பாத்தீங்க?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது அவரிடம் இருக்கிற மற்றப் பெண்களும் முழுக்கைதான் கேட்டு வாங்குகிறார்கள். நாலு விடலைகள் வந்து கண்ணாடியைக் குத்தி, விசிலடித்து, கண்டபடி பேசுவதும் உண்டு. தண்ணீருக்குள் எனக்கு எதுவும் கேட்காது. நேராக அவர்கள் முன்னால் போய், மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி நின்று, சிமிட்டாமல் பார்ப்பேன். சிரிப்பதை மட்டும் நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரத்தில் ஒருவன் தலையைச் சொறிவான், இன்னொருவன் செல்போனைப் பார்ப்பான், பிறகு நடையைக் கட்டிவிடுவார்கள். இதெல்லாம் ஒரு வார்டனால் முடியுமா?

ஊரில் பேசாமலா இருந்தார்கள்? முதல் தடவை வாலை ஊருக்கு எடுத்துவந்து, உப்பும் மருந்தும் போக அலசி, வாசலில் இரண்டு பலா மரத்துக்கும் நடுவில் கம்பியில் காயப் போட்டேன். நாய்கள் அதைச் சுற்றி நின்று குரைத்தன. குண்டூர் நாட்டுக்குப் போகிற பஸ் நம் வாசலில் வேகம் குறைந்தது, கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, என்னுங்க அது?" என்று கத்தினார். உங்கப்பா கிழங்கு உரித்துக்கொண்டே தலை நிமிராமல், "பெரிய மீன் ஒண்ணு மாட்டுச்சுங்க. தல கொழம்புல கெடக்குது, வாலு காயுது" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலம் நீ என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அந்த வாலை இழுத்து மாட்டிக்கொண்டு, கங்காரு மாதிரி வாசலெல்லாம் தத்தி, கிழங்குக் குவியல்மேல் போய் விழுந்தாய். உங்கப்பா உன்னைப் படம் எடுத்தார். வெட்கம் என்பது அன்றைக்கு நம் வீட்டில் யாருக்கும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும், "பொம்பள தண்ணித் தொட்டியில வேசங்கட்டிட்டு நிக்கறது நம்ம சனத்துக்கு அடுக்குமா?" என்று கேட்டார். நான் எழுந்து, "மாமா, உங்க பேரன் பேத்தியக் கூட்டிட்டு ஒருக்கா வந்து பாத்துட்டு, அப்பறம் சொல்லுங்க. டிக்கெட்ட நான் எடுக்கறேன்" என்றேன். அடுத்த வாரம் வந்தார். பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு காட்சி பார்த்துவிட்டுப் போனார். ஊர் தானாகவே சரியாகிவிட்டது. நான் பெற்றது மட்டும்தான் போகப் போகக் கோணிக்கொண்டது.

உன்மேல் மட்டும் பழியைப் போடவில்லை. நகரத்தில் கூட இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன்னை ஓடையில் இறக்கினால், நீந்தப் பழகுவதை விட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். முழுகிவிடுவோம் என்று பயந்தவன் கையில் எவ்வளவு பலம் இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டும். உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவேன், நீ அலறுவாய், ஆனால் விட்டவுடன் மிதப்பாய். இப்போதும் நீ அதைத்தான் செய்கிறாய். பெண் வீட்டுக்காரர்கள் முன்னால் முழுகிவிடுவோமோ என்று என் கழுத்தைப் பிடித்திருக்கிறாய். நானும் அதையேதான் செய்யப் போகிறேன். உன் விரலைப் பிரித்து விடப் போகிறேன்.

தொழிலில் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன், கல்யாணத்துக்கு உதவும். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்திருக்கும்போது நெஞ்சு ஒருமுறை எக்கும். புதிதாக வருகிற பெண்கள் அதோடு உயிர் போய்விட்டதென்று பதறி மேலே ஓடுவார்கள். அது வெறும் மிரட்டல். உள்ளே இன்னும் காற்று இருக்கும். பதறாமல் இருந்தால், இன்னும் ஒரு சுற்று சுற்றி, ஒரு குழந்தைக்குக் கையசைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பாறைக்குப் பின்னால் போய் அங்கே ஒளித்து வைத்திருக்கிற காற்றுக் குழாயை வாயில் வைத்துக்கொள்ளலாம். உனக்கு நெஞ்சு எக்கியதும் வாயில் பொய் வந்துவிடுகிறது. யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், பதறிக்கொண்டு எதையோ சொல்லி மேலே வந்துவிடுகிறாய். பெண்டாட்டி கேட்கப்போகிற கேள்விகள் நிறைய இருக்கும் கண்ணு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டனைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். அம்மா பொய் முடி வைத்திருக்கிறாள், முகம் முழுக்கச் சாயம் பூசியிருக்கிறாள், கௌசல்யா வீட்டாருக்கு அடையாளம் தெரியாது, கூட்டத்தில் அம்மாவுக்கும் நம்மைத் தெரியாது, எப்படியாவது கண்ணாடியைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தாய். கௌசல்யாவின் அண்ணன் பையன் கடல்கன்னி பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தான், நீயும் வேறு வழியில்லாமல் வந்தாய். இவ்வளவு வருஷத்தில் என் தொழிலைப் பற்றி நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பிழைத்திருப்பாய். தண்ணீருக்குள் உனக்கு என்ன தெரியும் அம்மா என்று கேட்டிருந்தால் போதும். தண்ணீருக்குள் எனக்கு யார் முகமும் தெரியாது சாமி. வெறுங்கண்ணைத் திறந்து வைத்திருப்பவளுக்கு எல்லாம் கலங்கித்தான் தெரியும். சேலையின் நிறம் தெரியும், உயரம் தெரியும், தோளில் குழந்தை இருந்தால் தெரியும், யார் எப்படி நிற்கிறார்கள் என்று தெரியும். நீ எல்லாரையும் போலக் கண்ணாடியைப் பார்த்து நின்றிருந்தால், கூட்டத்தில் ஒரு நிழலாகப் போயிருப்பாய். முகத்தை மறைக்கிறேன் என்று நீ திரும்பி நின்றாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்து அத்தனை பேர், நடுவில் ஒரே ஒரு முதுகு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போன முதுகு. நான் வாசலில் நின்று, கொண்டை ஊசி வளைவில் மறைகிறவரைக்கும் பார்த்த முதுகு. எனக்குத் தெரியாதா?

குழந்தைகளுக்கு விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டுவேன் இல்லையா, அதைப்போல உனக்கு நேராக வந்து தட்டினேன். எல்லாரும் கூச்சல் போட்டுச் சிரித்திருப்பார்கள், எனக்கு அவர்கள் அசைவது மட்டும் தெரிந்தது. அந்தச் சின்னப் பையனுக்கு ஒரு முத்தம் பறக்கவிட்டேன். மறுபடி தட்டினேன். முதுகு அசையவில்லை. எனக்கு வலித்தது. நான் கல் இல்லை, எனக்கு ரொம்ப வலித்தது. காற்றுக் குழாய்க்குப் போக வேண்டிய நேரத்தைத் தவற விட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டேன். எனக்கு உதவிக்கு இருக்கிற செல்வி மேலிருந்து இழுத்துப் போட்டாள். தொட்டிக்கு மேலே நிற்கப் போட்டிருக்கிற தகரத் தட்டில் கிடந்து இருமிக்கொண்டிருக்கும்போது, "என்னக்கா ஆச்சு, யாரக்கா அது?" என்று கேட்டாள். "யாருமில்ல, ஒரு முதுகு" என்றேன். ராத்திரி நீ போன் செய்தாய். தண்ணீர் குடித்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நீ வார்டனைப் பற்றி மட்டும்தான் பேசினாய்.

இதுவரை எழுதியது உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் எழுதப்போவது தெரியாது. உட்கார்ந்து படி.

நேற்று, திங்கட்கிழமை, முதல் காட்சி முடிந்து தொட்டி விளிம்பில் வாலோடு உட்கார்ந்திருந்தேன். காட்சிக்குக் காட்சி அதைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு, அப்படியே உட்கார்ந்து டீ குடிப்பதுதான் வழக்கம். செல்வி ஏணியில் ஏறி வந்து, "அக்கா, ஒரு பொண்ணு உங்களத்தான் பாக்கோணும்னு நிக்குது. மூஞ்சியே செரியில்ல" என்றாள். வரச் சொன்னேன். இரும்பு ஏணியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவள் கௌசல்யா. கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இடுப்புவரைக்கும் செம்பட்டை முடி, கண்ணுக்கு மேலே நீலம், கன்னத்தில் மினுக்கு. என் மேக்கப்புக்கு ஒரு பெருமை சொல்ல வேண்டும்: உன் வருங்காலப் பெண்டாட்டி என்னை உன் வயதுப் பெண் என்று நினைத்துவிட்டாள்.

"நேத்து எங்ககூட வந்தவரு ஒருத்தரு, உங்களப் பாக்காம திரும்பியே நின்னாருங்க. நீங்களும் அவரு முன்னாடி வந்து வந்து தட்டுனீங்க. அவர உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கேள்வி நேராக இருந்தது.

"தெரியும் கண்ணு" என்றேன்.

"எத்தன வருசமாப் பழக்கம்?"

"இருவத்தஞ்சு வருசமாச்சு."

அவளுக்குப் புரியவில்லை. "வெளையாடாதீங்க. அடுத்த மாசம் எனக்கும் அவருக்கும் கல்யாணம். உங்களுக்கும் அவருக்கும் என்ன ஒறவுன்னு சொல்லுங்க, நான் இப்பவே எங்கப்பாகிட்டப் பேசிக்கறேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் துடைக்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை சாமி. நீ திரும்பி நின்ற அழகுக்கு, உன் கல்யாணம் ஒரு கடல்கன்னியோடு கள்ள உறவு என்று முறியப் பார்த்தது. நான் டீயை வைத்துவிட்டு, பொய் முடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கழற்றினேன். உள்ளே என் நரைத்த கொண்டை. ஈரத் துண்டால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்தேன். "பெத்த ஒறவு" என்றேன்.

"அத்தை!" என்று அப்படியே அந்தத் தகரத் தட்டில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் என் வாலைப் பார்த்தாள், என் கொண்டையைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், செல்வி என்னவோ ஏதோவென்று ஏணியில் ஓடி வந்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "அப்ப அந்த வார்டன்?" என்று கேட்டாள். அவளே புரிந்துகொண்டாள். "இதச் சொல்றதுக்கு என்னங்கத்தை? எங்கண்ணன் பையன் நேத்து நீங்க விட்ட முத்தத்துக்கு இன்னும் கன்னத்தக் கழுவ மாட்டீங்கறான்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பெத்த அம்மாவயே மறைக்கறவரு, நாளைக்கு என்னய எங்கங்க வெச்சு மறைப்பாரு?" அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

நானே உங்க வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். அவருகிட்டயும் நான் கேக்க மாட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம கடைசி நாளுன்னு போட்டிருக்கீங்கல்ல, எங்கப்பாம்மாவக் கூட்டிட்டு வாரேன். அவரா வந்து, எங்கப்பாகிட்ட, இது எங்கம்மான்னு சொல்லட்டும். சொல்லலைன்னா, அதுக்கப்பறம் எனக்கு வேற பேச்சு இருக்குதுங்க" என்றாள். இதை உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்தாள். "சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டும் வர்றாரான்னுதான் பாக்கோணும்" என்றாள். அடுத்த காட்சிக்கு மணி அடித்தார்கள். என்னைத் தண்ணீரில் இறக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் செல்வி பிடித்தாள், இன்னொரு பக்கம் பட்டுச் சேலை நனைய நனைய உன் பெண்டாட்டியாக வரப்போகிறவள் பிடித்தாள். இந்தப் பெண்ணை நீ தவறவிட்டால் உன்னைவிட முட்டாள் கொல்லிமலையிலும் கிடையாது, கீழ்நாட்டிலும் கிடையாது.

நான் செய்யப்போவது இதுதான், கேட்டுக்கொள். இந்த வேலையை விடமாட்டேன். அடுத்து திண்டுக்கல், அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் போவேன். காது அடைக்கிறது, முட்டி வலிக்கிறது, நாலு படி ஏறினால் முன்னைப்போல் இல்லை, எல்லாம் உண்மை. உடம்பு போதும் என்று சொல்லும் நாளில் விடுவேன், சம்பந்தி வீட்டுக்காக விடமாட்டேன். கடலூர்ப் பொருட்காட்சிக்குப் போனபோது ஒரு நாள் லீவில் கடலைப் பார்க்கப் போனேன், சொன்னேனே. கணுக்கால் தண்ணீரில் நின்றேன், ஒரு அலை வந்து செருப்பைக் கொண்டுபோய்விட்டது. போடா என்று திட்டிவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்து தொட்டியில் இறங்கினேன். கடலுக்கே பயப்படாதவள் கல்யாண மண்டபத்துக்கா பயப்படுவேன்? உன் மேடையில் வார்டனாக ஏறமாட்டேன். உனக்கு வார்டன் அம்மாதான் வேண்டும் என்றால், வாடகைக்கு ஒருத்தியைப் பிடித்துக்கொள். அவளுக்கும் ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடு. நான் உங்கப்பா பக்கத்தில் உன் அம்மாவாக நிற்பேன், யார் கேட்டாலும் என்ன வேலை என்று சத்தமாகச் சொல்வேன். அப்படி நிற்க இடம் இல்லையென்றால், அன்றைக்கும் தொட்டியில் எனக்கு மூன்று காட்சி இருக்கும்.

உன்மேல் எனக்கு இருக்கிற பாசம் இந்தக் கோபத்தால் ஒரு துளியும் குறையவில்லை. குறைந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். உங்கப்பா இதைக் கொடுக்கும்போது ஏதாவது கிண்டல் செய்வார், பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக் காட்சிக்கு கௌசல்யா வீட்டார் முன்வரிசையில் இருப்பார்கள். நான் தண்ணீருக்குள் இருப்பேன், நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது. உன் முகத்தில் வெட்கமா, பயமா, கண்ணீரா, எதுவும் எனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் வா. நான் கண்ணாடிக்கு நேராக வந்து தட்டுவேன்.

எனக்குத் தெரியப்போவது ஒன்றே ஒன்றுதான்: நீ எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாய் என்பது.

உன் அம்மா,
தொழில் கடல்கன்னி